பிக்கப் இல்லை

உட்காருங்கள் தம்பி. அதில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். திருப்பூரிலிருந்து பஸ்ஸிலா வந்தீர்கள்? நல்லது. கார் பார்க்கக் காரில் வருகிறவர்களை நான் நம்புவதில்லை. போன வாரம் ஒருவர் அப்படித்தான் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் டயரை உதைத்துப் பார்த்தார். டயரை! இது என்ன பொள்ளாச்சி மாட்டுச் சந்தையா, பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு? வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

காபி கொடுக்க வீட்டில் ஆள் இல்லை, மன்னிக்க வேண்டும். என் மனைவி கோகிலவாணி உடுமலைக்குப் போயிருக்கிறாள். ஐந்தரைக்குத்தான் வருவாள். இப்போது மூன்றே முக்கால். அதற்குள் நாம் பேசி முடித்துவிட வேண்டும். ஏன் அவசரம் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். சாவியை வேண்டுமானால் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். இந்தாருங்கள்.

விளம்பரத்தில் நான் எழுதியது நினைவிருக்கிறதா? 'ஸ்போர்ட்ஸ் செடான், ஆட்டோமேட்டிக், பதினான்கு மாதம், பிக்கப் இல்லை.' விற்கிறவன் எவனாவது தன் வண்டியைப் பற்றி அப்படிப் போடுவானா? நான் போடுவேன். சிங்கப்பூரில் இருபத்திரண்டு வருஷம் கப்பல் பட்டறையில் இருந்தேன். அடுத்தவர்கள் போட்ட வரைபடத்தில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒரு தப்பும் என் கண்ணிலிருந்து தப்பியதில்லை. மறைத்துப் பழக்கமும் எனக்கில்லை.

பிக்கப் என்பதே நம்மாட்கள் உண்டாக்கிய சொல். இங்கிலீஷ்காரனிடம் போய் என் வண்டிக்குப் பிக்கப் இல்லை என்றால் விழிப்பான். பள்ளிக்கூடத்தில் முடுக்கம் என்று படித்தோம். கோகிலா கல்லூரியில் இயற்பியல் வாத்தியார், அவள் முடுக்கம் என்றுதான் சொல்வாள். ஆனால் பாருங்கள், முடுக்கம் என்றால் கணக்கு மாதிரி இருக்கிறது. பிக்கப் என்றால்தான் முதுகு சீட்டில் போய் ஒட்டுகிறது. எனக்கு அந்த முதுகு ஒட்டவேயில்லை, அதுதான் கதை.

அதோ போர்ட்டிகோவில் நிற்கிறது பாருங்கள். அழகில் குறை சொல்ல முடியாது. நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கும். ஓடும்போது நிற்கிற மாதிரி இருக்கும்.

இருபத்திரண்டு வருஷம் நான் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனவன். அங்கே கார் வைத்துக்கொள்வது நம் போன்றவர்களுக்கு ஆகிற காரியம் இல்லை. ரயில் என்ன வேகம் போனாலும் அது என் வேகம் இல்லையே. ஆபீஸிலும் அப்படித்தான். நான் ஒரு தப்பைக் காட்டினால், 'மோகன், அப்புறம் பார்க்கலாம்' என்பார்கள். மோகனசுந்தரம் என்ற முழுப்பெயரைச் சொல்லக்கூட அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. அப்போது நினைத்துக்கொள்வேன்: ஊருக்குப் போனதும் என் காலுக்கடியில் ஒன்று இருக்க வேண்டும், நான் அழுத்தினால் அது கேட்க வேண்டும். அவ்வளவுதான். பங்களாவா கேட்டேன்?

ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை உடுமலை ரோட்டில் எடுத்துக்கொண்டு போனேன். கோகிலா பக்கத்து சீட்டில். மடியில் காபி பிளாஸ்க். கோமங்கலம் தாண்டியதும் முன்னால் ஒரு தேங்காய் மட்டை லாரி. ஒதுங்கி, ஏறி மிதித்தேன் பாருங்கள். உறுமியது. உறுமல் மட்டும்தான். வண்டி எழவில்லை. பாதி வழியில் லாரிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு கிடக்கிறேன். லாரி டிரைவர் குனிந்து பார்த்துச் சிரிக்கிறான். கடைசியில் பின்வாங்கினேன். அப்போது மொபெட்டில் ஒரு பெரியவர், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனார். கையைக் காட்டிவிட்டு வேறு போனார்.

கோகிலா, "இப்ப என்னுங்க அவசரம், மெதுவாவே போலாமே" என்றாள். அவளுக்கு என்ன, காபி சிந்தாமல் இருந்தால் சரி.

வாங்கின இடத்துக்கே கொண்டுபோனேன். டை கட்டின ஒருத்தன் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "நார்மல் சார்" என்றான். டை கட்டினவனுக்கு உலகத்தில் எல்லாமே நார்மல்தான். இது ஆகாது என்று, நானே படித்து, நானே சரிசெய்வதென்று இறங்கினேன். பெரிய வேலை எதுவும் இல்லை, எல்லாம் எளிய மாற்றங்கள். ஆனால் இந்த ஊரில் எளிய காரியத்தைச் செய்யத்தான் ஆள் கிடைக்காது.

முதல் மாற்றம் எடை. எடை குறைந்தால் வண்டி எழும், இது எவனுக்கும் தெரியும். ஸ்டெப்னியை எடுத்தேன், ஜாக்கியை எடுத்தேன், டிக்கியில் கோகிலா வைத்திருந்த குடை, பாய், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் எடுத்தேன். அதற்கு மேல் எடுக்க என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பக்கத்து சீட்டில் அறுபத்தி நாலு கிலோ உட்கார்ந்திருந்தது. "நீ இனிமே ஞாயித்துக்கெழம வர வேண்டாம் கோகிலா, வண்டிக்குப் பாரம்" என்றேன். நியாயமாகத்தானே சொன்னேன்? அவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் காபிகூடப் போட்டுத் தருவதில்லை. பெண்களுக்கு எடையைப் பற்றிப் பேசினாலே கோபம் வந்துவிடுகிறது, விஞ்ஞானம் படித்தவளுக்கும்.

இல்லை தம்பி, எடை குறைத்தும் எழவில்லை.

அப்புறம்தான் காஜா மைதீனிடம் போனேன். பாலக்காட்டு ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். முப்பது வருஷ மெக்கானிக் என்பார்கள். கையைக் கழுவாமல் என் ஸ்டியரிங்கைத் தொட்டான், அப்போதே ஆளைத் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் வேறு யார் இருக்கிறார்கள்? காற்றை நன்றாக இழுக்கிற ஏர் ஃபில்டர் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தேன், மாட்டினான். சத்தம் கூடியது. புது பிளக் போட்டான். அப்புறம் ஆக்ஸிலரேட்டருக்கு ஒரு சின்னப் பெட்டி. காலை லேசாக வைத்தாலே நிறைய அழுத்தினதாக என்ஜினுக்குச் சொல்லும். பொய் சொல்கிற பெட்டிதான், ஆனால் நல்ல பொய். அதுவும் பலிக்கவில்லை. சைலன்சரை மாற்றினேன். தெருவில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன, அவ்வளவுதான் பலன்.

இதற்கு நடுவில் இன்னொரு தொந்தரவு. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். பக்கத்தில் வந்து, "சார், பிரேக் லைட்டு அணையவே மாட்டேங்குது" என்று கத்திவிட்டுப் போகிறான். ஷார்ட் சர்க்யூட் என்று ஸ்விட்சை மாற்றச் சொன்னேன். பிரேக் பேட் வேறு பதினோரு மாதத்தில் இரண்டு செட் தேய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் எந்தச் சாமானைத் தரமாகச் செய்கிறார்கள்?

ஒருநாள் காஜா, "நீங்க ஓட்டுங்க சார், நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்" என்றான். ஓட்டினேன். ரயில்வே கேட் வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். அப்புறம் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க எடது கால் பிரேக் மேலயே இருக்குதுங்க."

"ஆமா, லேசா வெச்சிருக்கேன். அதுக்கென்ன?"

"இது ஆட்டோமேட்டிக்குங்க சார். எடது காலுக்கு வேலையே இல்லீங்க. ரெண்டு பெடலையும் சேத்து மிதிச்சா இந்த வண்டி பயந்துட்டு, பவரைத் தானாவே கொறைச்சுக்கும். எடது காலை அப்படி ஓரமா வெச்சிருங்க, வண்டி பறக்கும்."

எப்படி இருக்கிறது பாருங்கள். எனக்கு ஓட்டக் கற்றுத் தருகிறான். நான் தொண்ணூற்றைந்தில் கோயம்புத்தூரில் அம்பாசடரில் கற்றவன் தம்பி. எங்கள் மாஸ்டர் கையில் மர ஸ்கேல் வைத்திருப்பார். இடது கால் கிளட்சை விட்டு இறங்கினால் முழங்காலில் ஒன்று போடுவார். 'எடது கால் தூங்குச்சுன்னா நீ காலிடா' என்பார். அந்தக் கால் அன்றிலிருந்து தூங்கவில்லை. கிளட்ச் இல்லாத வண்டி என்பதற்காக ஒரு காலை மூலையில் போட்டுவிட்டு ஓட்டுகிறதா? பிரேக் மேல் பூப்போல வைத்திருக்கிறேன். எச்சரிக்கை. இது எச்சரிக்கை என்று தெரியாதவன் பட்டறை வைத்திருக்கிறான். "நீ பிரேக் ஸ்விட்சை ஒழுங்கா மாட்டினியான்னு பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்தேன். கோகிலா சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை ஒரு பக்கம் இந்தக் கையால் தள்ளினாள், அதே நேரம் மறுபக்கம் அந்தக் கையால் தள்ளினாள்; தட்டு அசையவில்லை. "ரெண்டு பக்கமும் தள்ளுனா எங்கீங்க போகும்? ஒம்பதாங் கிளாஸ் பாடமுங்க இது" என்றாள். வீட்டில் கரும்பலகை இல்லாத குறை ஒன்றுதான். தட்டு வேறு, செடான் வேறு என்றேன். எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அப்புறம் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், என்ஜின் கம்ப்யூட்டருக்கே பாடத்தை மாற்றி எழுத வைத்தேன். நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஓடவிட்டு அளக்கிற மெஷினில் அவர்கள் ஏற்றிக் காட்டினார்கள், திரையில் கோடு மலை மாதிரி ஏறியது. ரோட்டுக்கு வந்தால் பழைய கதை. மெஷினில் ஏறுகிற கோடு ரோட்டில் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். "ஓட்டுறதைப் பொறுத்துங்க சார்" என்றான் அங்கிருந்தவன். எல்லாரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கோகிலாவுக்கு உடுமலைக் கல்லூரியில் முதல்வர் பதவி கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். இருபத்தைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்ததற்குக் கிடைத்தது, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தை மாசமே சொல்லிவிட்டாள்: "ரெண்டு பஸ் மாறி எட்டு மணிக்குள்ள போக முடியாதுங்க. ஜூன்ல இருந்து வண்டி எனக்கு வேணும்." முடியாது என்றா சொன்னேன்? "பிக்கப் வரட்டும், தர்றேன்" என்றேன். அந்த ரோட்டில் மட்டை லாரியைத் தாண்டும்போது வண்டி எழாவிட்டால் உயிர் போய்விடும். அக்கறையில் சொன்னது. அவளுடைய தம்பி இருக்கிறானே, அவன் இதையே வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறான். மாமாவுக்கு வண்டியைக் கொடுக்க மனசில்லை, அதனால்தான் மாசத்துக்கு ஒரு பார்ட்டை மாற்றுகிறார் என்கிறான். அவன் ஒரு ஸ்கூட்டர்கூடச் சொந்தமாக வாங்காதவன்.

சித்திரை மாசம் பஸ் ஸ்டிரைக் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு இவள் உடுமலையில் செய்முறைத் தேர்வு நடத்தப் போக வேண்டியவள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சைலன்சர் சத்தம் கேட்டது. சோப்பு நுரையோடு ஓடிவந்து பார்க்கிறேன், கேட் திறந்து கிடக்கிறது. வண்டியைக் காணோம். சொல்லவில்லை, கேட்கவில்லை. லைசென்ஸ் வைத்திருக்கிறாள், நான் இல்லாத காலத்தில் அவள் தம்பியின் சிநேகிதன் வண்டியில் பழகியது. அதெல்லாம் ஒரு பழக்கமா?

சாயங்காலம் வரைக்கும் நான் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடவில்லை. போன் பண்ணவும் இல்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது அடித்தால் எடுத்துத் தொலைப்பாளே என்று பயம். மட்டை லாரி, மட்டை லாரி என்று அதுவே கண் முன்னால். ஐந்து மணிக்கு வண்டி வந்தது. எப்படி வந்தது தெரியுமா? தெருமுனையில் திரும்பி, ஒரே எழும்பு. காற்று மாதிரி வந்து கேட்டில் நின்றது. நான் ஒரு வருஷமாகக் கேட்ட அந்த எழும்பு. என் வண்டியா அது என்று எழுந்து நின்றுவிட்டேன்.

இறங்கினாள். முகமெல்லாம் சிவந்து, பின்னல் கலைந்து, இருபது வயசுப் பெண் மாதிரி. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "நல்லா இழுக்குதுங்க" என்றாள். "நீங்க போட்டதெல்லாம் சேந்து இப்பத்தான் வேலை செய்யுது போல."

நக்கல் பார்த்தீர்களா? நேராக முகத்துக்கு முன்னால் நக்கல்.

போய் வண்டிக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். எனக்கு லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் காட்டுகிற வண்டி, அவளுக்குப் பதினாறு காட்டியிருக்கிறது. அப்போதுதான் புரிந்தது. இந்தப் புது வண்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. கியர் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஓட்டுகிறவன் காலை அது படித்து வைத்துக்கொள்ளும். ஒரே நாளில் அவள் காலைப் படித்துக்கொண்டுவிட்டது. நான் சோறு போட்டு வளர்த்தேன், அது அவளிடம் போய் வாலாட்டுகிறது. மறுநாளே காஜாவிடம் போய், கம்ப்யூட்டர் ஞாபகத்தை முழுசாக அழி என்றேன். "எதுக்குங்க சார்" என்றான். அழிடா என்றேன். அழித்தான். பழையபடி மந்தம். அதாவது, பழுது வண்டியில்தான் என்று நிரூபணமாகிவிட்டது. விசுவாசம் இல்லாத வண்டி. ஆளுக்கு ஒரு மாதிரி ஓடுகிற வண்டி எனக்கு வேண்டாம்.

அதனால்தான் விற்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தால் கோகிலா மறுத்துப் பேச மாட்டாள். அவளுக்கு அந்தக் குணம் உண்டு. ஊர் முன்னால் என் வார்த்தை கீழே விழ விடமாட்டாள். நான் அங்கே இருந்த இருபத்திரண்டு வருஷமும், அவர் வந்துருவாரு, அவர் சொன்னா வந்துருவாரு என்றே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள். பஸ்ஸில் போய்க்கொள்வாள். நான் ரயிலில் நிற்கவில்லையா? என்ன சொல்கிறீர்கள்?

ஆர்சி புத்தகமா? இருக்கிறது, இருக்கிறது. அந்த மேஜையில்தான். பாருங்கள், தாராளமாகப் பாருங்கள்.

ஆமாம். அவள் பெயர்தான். கோ. கோகிலவாணி. நான் அங்கிருந்தபடியே புக் பண்ணினேன், இந்த ஊர் முகவரிக்கு அவள் பெயர்தானே இருந்தது? பெயரில் என்ன இருக்கிறது? எழுதி வைத்த ஒரு பெயர். ஓட்டுகிறவன் நான். கையெழுத்துப் போடுவாள். போடாமல் என்ன செய்வாள்? அதற்குத்தான் உங்கள் வார்த்தையை முதலில் கொடுங்கள் என்கிறேன். ஏன் எழுந்துகொள்கிறீர்கள்? உட்காருங்கள் தம்பி. வீட்டம்மாவிடம் கேட்டீர்களா என்று நீங்களுமா கேட்கிறீர்கள்? வண்டி வாங்க வந்தவர் வண்டியைப் பற்றிப் பேசுங்கள்.

ஆட்டோ சத்தமா அது? இல்லையே, ஐந்தரைதானே என்றாள்.

வா கோகிலா. சீக்கிரமே வந்துட்ட. இவரா? இவர் திருப்பூர். சும்மாதான், வண்டியைப் பாக்கணும்னார். ஆர்சியா? அது... அவர் கேட்டார், குடுத்தேன். இல்ல, வாக்கெல்லாம் குடுக்கல. இன்னும் குடுக்கல.

ஏன் கோகிலா அப்படிப் பாக்குற? சத்தம் போடறதுன்னா போட்டுரு.

அவள் உங்களைக் கேட்கிறாள் தம்பி, ஓட்டிப் பார்த்தீர்களா என்று. இல்ல கோகிலா, இன்னும் ஓட்டிப் பாக்கல. பேசிட்டிருந்தோம். ஆமா, நான்தான் பேசிட்டிருந்தேன்.

என்ன? நீ கூட்டிட்டுப் போறியா? கோமங்கலம் வரைக்குமா? கையெழுத்து விஷயம் வந்து பேசிக்கலாம்ங்கறியா? இப்பத்தானே வந்த, தண்ணி குடிச்சிட்டு... தம்பி, அவளிடம் ஏன் சாவியைக் கொடுத்தீர்கள்? நான் அல்லவா உங்களிடம் கொடுத்தேன்.

சரி. போய்விட்டு வாருங்கள். முன்னால் உட்காருங்கள், அங்கேயிருந்தால்தான் எழும்புவது நன்றாகத் தெரியும்.

கோகிலா, ஒரு நிமிஷம். கதவைப் பூட்டிட்டு வர்றேன். நானும் வரட்டுமா? பின்னாடி உக்காந்துக்கறேன். ஒண்ணும் பேச மாட்டேன்.